காம்பியா டேங்க்கா

இருபத்தாறு வருடமாகக் கரகரவென்று முனகிக்கொண்டிருந்த பாய்லர், அக்டோபர் எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, மால்கம் டிட்மார்ஷ் பாதி முகம் சவரம் செய்திருந்தபோது உயிரை விட்டது. மீதிப் பாதியைப் பச்சைத் தண்ணீரில் வழித்துக்கொண்டு, தாடையில் இரண்டு கீறலோடு அவன் கீழே இறங்கி வந்தான்.

"போச்சு," என்றான். "செத்துடுச்சு."

சமையலறையில் டோஸ்ட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த லொரேன் பயந்து மாடிப்படியைப் பார்த்தாள். குளிருக்குப் பயந்து அல்ல. முப்பத்தெட்டு வருடம் மால்கமோடு குடித்தனம் நடத்தியவளுக்குக் குளிர் ஒரு பொருட்டா? நவம்பர் பிறக்காமல் ஹீட்டிங் போடக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டைச் சுற்றி ஒரு கண்ணாடிப் பெட்டி மாட்டிப் பூட்டு வேறு போட்டிருந்தான். அவளுடைய பயம் வேறு. பாய்லர் மாற்றுவதென்றால் ஆள் வரும். வருகிற ஆள், மாடிப்படி முடிகிற இடத்தில் இருக்கும் டேங்க் அலமாரியைத் திறந்து பார்க்காமல் போகாது. அந்த அலமாரியில்தான், வெந்நீர் டேங்க்குக்குப் பின்னால், பழைய போர்வைக்கு அடியில், பதினோரு வருடமாக அவள் ஒரு பெட்டியை ஒளித்து வைத்திருந்தாள்.

பழுப்பு நிறத்தில் சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு கவுன், உள்ளாடை, ஒரு ஜோடி ஷூ, பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ். வீட்டைவிட்டுப் போகிற பெண்ணுக்கு என்னென்ன வேண்டுமோ அவ்வளவும்.

ஏன் போக நினைத்தாள் என்று கேட்டால், சொல்ல அவளிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை. மால்கம் கை நீட்டியதில்லை. குடிப்பதில்லை. வேறு பெண் பக்கம் போனதில்லை. நகராட்சியில் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வீட்டைச் சரிபார்க்க ஆரம்பித்தான். குளியல் புதனும் ஞாயிறும். ஏழு நிமிடம் ஆனால் கதவைத் தட்டுவான், "லொரேன், ஏழு ஆச்சு." டீக்கு எத்தனை கோப்பையோ அத்தனை கோப்பைத் தண்ணீர்தான் கெட்டிலில் ஊற்ற வேண்டும். வாரத்தில் மூன்று நாள் அவள் பழைய துணி விற்கும் தர்மக் கடையில் வேலை செய்தாள். அங்கே கொண்டுபோய் விடுவது அவன், கூட்டி வருவது அவன். வெளியே பார்ப்பவர்களுக்கு எப்பேர்ப்பட்ட கணவன்! கடையில் கூட வேலை செய்யும் ஆனெட், "என் வீட்டுக்காரன் என்னை பஸ் ஸ்டாப் வரைக்கும்கூடக் கொண்டுபோய் விட மாட்டான், நீ குடுத்து வெச்சவ," என்று வாய்க்கு வாய் சொல்வாள். அதற்கு என்ன பதில் சொல்வது?

பதினோரு வருடத்துக்கு முன்னால் தங்கை திருமணத்துக்காக வடக்கே கெண்டலுக்குத் தனியாகப் போயிருந்தாள். மால்கமுக்குக் காய்ச்சல். அங்கே தங்கை வீட்டில் தலைக்குக் குளித்தபோது நுரை பொங்கியது, பொங்கிக்கொண்டே இருந்தது. அவள் ஊரான டன்ஸ்டபிளின் சுண்ணாம்புத் தண்ணீரில் அரை பாட்டில் ஷாம்பு போட்டாலும் வராத நுரை. கதவைத் தட்ட யாரும் இல்லை. ஐம்பது வயதில், ஒரு குளியலறையில் தனியாக நின்று சிரித்தாள். வீடு திரும்பிய வாரமே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

பிறகு போயிருக்க வேண்டியதுதானே? போகவில்லை. அவனுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆன வருடம் எப்படிப் போவது? ஊரடங்கு வந்தபோது எங்கே போவது? ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் கிடைத்தது. துண்டு அடுக்கும் சாக்கில் அலமாரிக்குள் கையை விட்டு, பெட்டியின் கைப்பிடியை ஒரு தரம் தொட்டுப் பார்ப்பாள். அது அங்கே இருக்கிறது என்று தெரிந்தாலே ஒரு வாரம் தள்ளிவிடலாம்.

மால்கம் மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்டான். முதலில் வந்தவன் சூட் போட்ட இளைஞன். அலமாரிக் கதவைத் திறந்து டேங்க்கைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், இரண்டே நிமிடத்தில் கீழே இறங்கிவிட்டான்.

"இந்தக் காலத்துல யாரு சார் டேங்க் வெச்சிருக்காங்க? காம்பி போட்டுடுங்க. குழாயைத் திறந்தா அந்த நிமிஷமே சுடச்சுட வரும். தேக்கி வெக்கற வேலையே இல்ல. டேங்க்கைத் தூக்கிட்டா அந்த அலமாரி பூரா உங்களுக்கு மிச்சம்."

மால்கமின் முகம் மலர்ந்தது. "ஃபைலெல்லாம் அங்க அடுக்கிடலாம்."

லொரேன் பிஸ்கட் தட்டை அவர்கள் முன்னால் வைத்துவிட்டு, அலமாரிக் கதவை மூட மாடிக்குப் போனாள்.

இரண்டாவதாக வந்த கனத்த மனிதரும் சொல்லி வைத்தாற்போல அதையே சொன்னார். காம்பி, காம்பி, காம்பி. டேங்க் போனால் அலமாரி காலி. அலமாரி காலியானால் பெட்டி நடுக்கூடத்துக்கு வந்துவிடும்.

எடுத்து வேறு எங்காவது வைக்கலாம் என்றால், எங்கே? பரண் அவனுடையது, என்ன இருக்கிறது என்று பட்டியலே வைத்திருந்தான். தோட்டத்துக் கொட்டகையின் சாவி அவனிடம். கட்டிலுக்கு அடியில் வெள்ளிக்கிழமைதோறும் தூசி உறிஞ்சுவான். துணி அடுக்குகிற அந்த ஒரு அலமாரிதான் அவள் பொறுப்பில் இருந்தது. வெந்நீர் இல்லாத அந்த நாட்களில் இருவரும் நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போய்க் குளித்தார்கள். அதற்கும் சேர்ந்தேதான். ஒருநாள் அவன் கழிப்பறைக்குள் போன சமயம் பார்த்து, அலமாரியைத் திறந்து போர்வையை விலக்கினாள். கை பெட்டிமேல் பட்டதோ இல்லையோ, கழிப்பறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என்ன தேடற, லொரேன்?"

"துண்டு."

"துண்டு ரெண்டாவது தட்டுல இருக்கு."

கதவை மூடிவிட்டாள். என் வீட்டில் நானே திருடி மாதிரி நிற்கிறேனே என்று அழுகை முட்டியது. அதையும் நீச்சல் குளத்தில் போய்த்தான் அழ வேண்டும்.

அப்போதுதான் அவளுக்குப் புத்தி வந்தது. மால்கமிடம் கெஞ்சினால் நடக்காது, அழுதால் நடக்காது. கணக்கு காட்டினால் நடக்கும். டேங்க் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தர்மக் கடையின் பின்னறையில் ஆனெட்டின் போனை வாங்கி, காம்பி, டேங்க், சுண்ணாம்புப் படிவு என்று கிடைத்த நேரமெல்லாம் படித்தாள். பள்ளிக்கூடத்தில்கூட இப்படி விழுந்து விழுந்து படித்ததில்லை.

"பாய்லருக்கா இவ்வளவு?" என்றாள் ஆனெட். "நான்லாம் எது வெள்ளையா இருக்கோ அதைப் போடுன்னு சொல்லிடுவேன்."

"எல்லாமே வெள்ளைதான், ஆனெட்."

"அதான் சொல்றேன். ஒரு கவலையும் இல்ல பாரு."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பேச்சை ஆரம்பித்தாள்.

"காம்பின்னா நம்ம ஊர்த் தண்ணி நேரா அதோட குடலுக்குள்ளயே போகும், மால்கம். உள்ள தகடு தகடா ஒரு சாமான் இருக்கு, அதுதான் தண்ணியைச் சுட வெக்குது. நம்ம தண்ணில சுண்ணாம்பு லிட்டருக்கு முன்னூறு மில்லிகிராமைத் தாண்டுது. அந்தத் தகடு அடைச்சுக்கிட்டா, குளிக்கும்போது ஒரு நிமிஷம் கொதிக்கும், ஒரு நிமிஷம் விறைக்கும். டேங்க்னா அப்படி இல்ல. பாய்லருக்குள்ள சுத்தறது எப்பவும் அதே தண்ணி. புதுசாச் சுண்ணாம்பு உள்ள போகாது."

மால்கம் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அடேங்கப்பா! எப்பலேர்ந்து நீ பிளம்பர் ஆன?"

"நம்ம கெட்டிலைப் பாத்தாலே தெரியுதே. சனிக்கிழமை சனிக்கிழமை வினிகர் ஊத்திச் சுரண்டறது யாரு?"

"தண்ணியை மென்மையாக்கற மெஷின் ஒண்ணு வெச்சுட்டாப் போச்சு."

"அதுக்கு மாசா மாசம் உப்பு போடணும். சிங்க்குக்கு அடியில இடம் ஏது? உன் இடுப்பை வெச்சுக்கிட்டு நீ மூட்டை தூக்கப் போறியா? அதோட, படிவால கெட்டுதுன்னா வாரண்டி செல்லாதுன்னு போட்டிருக்கான். படிச்சுப் பாத்தேன்."

மால்கம் அவளையே பார்த்தான். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. அந்தச் சிரிப்பு எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. தன் கணக்கு எடுபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி, மூணாவது ஆள் வரட்டும்," என்றான். "அதுவரைக்கும் நீ சொல்லிக்கிட்டே இரு. கேக்க நல்லாத்தான் இருக்கு."

அவளும் சொன்னாள். காலையில் சொன்னாள், காரில் சொன்னாள், நீச்சல் குளத்து வாசலில் ஈரத்தலையோடு சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவன் ஒரு கேள்வி கேட்பான், அவள் பதில் வைத்திருப்பாள். பல வருடம் கழித்து முதல்முறையாக அவள் சொல்வதை அவன் காது கொடுத்துக் கேட்கிறான் என்று அவளுக்கு, பாவம், கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

மூன்றாவதாக வந்தது ஒரு பெண். கீலி என்று பெயர், முப்பத்தைந்து வயது இருக்கும். சொந்த வேன், சொந்த வேலை. கதவருகே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சாக்ஸோடு உள்ளே வந்தாள். லொரேன் கொடுத்த டீயின் மேல் மிதந்த சுண்ணாம்பு ஏட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்த ஊர் டீ எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சுடலாம்மா. மேல தோல் போத்திட்டு வரும்."

"வேணும்னா வேற போட்டுத் தரேன்."

"ஐயோ, வேணாம்மா. எங்க வீட்டுலயும் இதே கதிதான்."

மால்கம் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினான். "அலமாரியோட வரைபடம். அளவெல்லாம் அதுல இருக்கு. மத்த ரெண்டு பேருக்கும் குடுத்தேன், அவங்க திருப்பிக்கூடப் பாக்கல. நீங்களாவது பாருங்க."

"இப்படி எல்லாரும் குடுத்தா எனக்கு எவ்வளவு வேலை மிச்சம்," என்று கீலி மாடிக்குப் போனாள். லொரேன் பின்னாலேயே ஓடினாள். போர்வைக்கு மேல் நாலு துண்டு, அதற்கு மேல் இரண்டு தலையணை என்று காலையிலேயே அடுக்கி வைத்திருந்தாள். கிட்டத்தில் போய்ப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

கீலி டேங்க்கைத் தட்டிப் பார்த்தாள். குழாய்களைத் தடவினாள். பிறகு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மூலையைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"அம்மா, இந்த மூலையில ஒரு கட்டம் போட்டிருக்காரே, நகராதுன்னு. உள்ள குழாய் ஏதாவது போகுதா?"

"எந்தக் கட்டம்?"

கீலி தாளைத் திருப்பிக் காட்டினாள். மால்கமின் கையெழுத்து, அச்சடித்தது போல. அலமாரியின் நாலு சுவர், வட்டமாக டேங்க், பம்ப், வால்வு. டேங்க்குக்குப் பின்னால் கோடு கோடாகத் தீட்டிய ஒரு செவ்வகம். அதற்குள், 'லொரேனின் பெட்டி. 55க்கு 35. நகராது.' கீழே ஓரத்தில் தேதி. ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

லொரேன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த சூட் போட்டவன் கையில் இந்தத் தாள் இருந்தது. அந்தக் கனத்த மனிதர் கையில் இருந்தது. அவள் யாருக்கும் தெரியாது என்று நினைத்ததை அவன் அளவெடுத்து, நகல் எடுத்து, ஊருக்கெல்லாம் விநியோகம் செய்திருக்கிறான்.

மால்கம் ஒவ்வொரு படியாக மேலே வந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான், தாளைப் பார்த்தான்.

"ஓ, அதுவா," என்றான்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாம? வருஷா வருஷம் அக்டோபர்ல டேங்க் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கறது யாரு? அதைத் தள்ளி வெச்சுட்டுத்தான் கை விட முடியும். முடிஞ்சதும் இருந்த இடத்துலயே வெச்சுடுவேன். போர்வையைக்கூட நீ மடிச்ச மாதிரியே மடிச்சு வெப்பேன்."

"திறந்து பாத்தியா?"

"ஒரு தடவை. பாஸ்போர்ட் காலாவதி ஆகி ஏழு வருஷம் ஆச்சு, லொரேன். சொல்லணும்னு நெனச்சேன்."

கீலி டேங்க்கின் பின்பக்கத்தை மும்முரமாக ஆராய்ந்தாள்.

"ஏன் என்னைக் கேக்கல?" என்றாள் லொரேன். "இத்தனை வருஷம். ஒரு வார்த்தை ஏன் கேக்கல?"

மால்கமுக்கு உண்மையாகவே புரியவில்லை. "எதுக்குக் கேக்கணும்? அது அங்கயேதானே இருக்கு."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். கேலியாகச் சொல்லியிருந்தால்கூட. அவன் சாதாரணமாகச் சொன்னான், துண்டு ரெண்டாவது தட்டில் இருக்கிறது என்பது போல. அவள் ஓடிப்போய்விடுவாளோ என்று ஒரு ராத்திரிகூட அந்த மனுஷன் தூக்கம் கெட்டதில்லை. பதினோரு வருடம் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்த பெட்டி அவனுக்கு பம்ப் மாதிரி, வால்வு மாதிரி, வீட்டோடு சேர்ந்த ஒரு சாமான். அதைவிட வலித்தது, அவன் எழுதியது பொய்யும் இல்லை. நகராது என்று எழுதினான். நகரவில்லையே!

மால்கம் அவள் தோளைத் தட்டினான். "நீ டேங்க்குக்காக எதுக்கு இப்படி மல்லுக்கட்டினன்னு எனக்குத் தெரியாதா? சரி போ, நீ ஜெயிச்ச. டேங்க்கே இருக்கட்டும்." கீலி பக்கம் திரும்பினான். "கொஞ்சம் ஒல்லியான டேங்க்காப் போடுங்க. பின்னால இவ பெட்டிக்குத் தாராளமா இடம் விட்டுடுங்க. அறுபது சென்டிமீட்டர் விட்டாப் போதும்."

"விட்டுடலாம் சார்," என்றாள் கீலி மெதுவாக. "பாய்லருக்குப் பன்னிரண்டு வருஷ வாரண்டி வரும். வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணிப் புக்குல குறிக்கணும்."

"அதெல்லாம் என்கிட்ட விடுங்க. பன்னிரண்டு வருஷம் எங்களுக்குக் கவலை இல்ல. இல்ல, லொரேன்?"

பன்னிரண்டு. அறுபத்தொன்றும் பன்னிரண்டும் எழுபத்துமூன்று. புதிய டேங்க்குக்குப் பின்னால், அவனே அளந்து கொடுத்த இடத்தில், அவன் அனுமதியோடு அந்தப் பெட்டி இருக்கும். அவன் அதையும் புதிதாக வரைவான். வரைந்து ஃபைலில் வைப்பான். அலமாரியின் சுவர் நாலும் தன்னைச் சுற்றி நெருங்கி வருவதாக இருந்தது. இரண்டு வாரம் தொண்டை வற்றக் கத்தி அவள் ஜெயித்தது இதைத்தான்.

குனிந்தாள். தலையணையை எடுத்து வெளியே போட்டாள். துண்டுகளைப் போட்டாள். போர்வையை இழுத்தாள்.

"என்ன பண்ற?" என்றான் மால்கம். "இப்ப எதுக்கு அது? வேலை ஆரம்பிக்க இன்னும் ஒரு வாரம் இருக்கு."

பெட்டி வர மறுத்தது. அத்தனை வருடச் சூட்டில் அதன் அடிப்பக்கம் பலகையோடு ஒட்டிப்போயிருந்தது. காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். பட்டென்று பிய்த்துக்கொண்டு வந்தது. பலகையில் அதன் தோல் ஒரு திட்டு அப்படியே நின்றுவிட்டது. தூக்கிக்கொண்டுபோய் மாடிப்படியின் முதல் படியருகே வைத்தாள். இவ்வளவு லேசாகவா இருந்தது என்று தோன்றியது.

"டேங்க் வேணாம்," என்றாள் கீலியிடம். "காம்பி போடுங்க."

"என்னது?" மால்கம் கத்தினான். அவன் கத்தி அவள் கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. "ரெண்டு வாரமா என் உயிரை எடுத்தியே! முன்னூறு மில்லிகிராம்! தகடு அடைச்சுக்கும்! எல்லாம் நீ சொன்னதுதானே?"

"நான் சொன்னது அத்தனையும் நிஜம். இருந்தாலும் காம்பி போடுங்க. இந்த அலமாரி காலி ஆகட்டும். அவரு ஃபைல் அடுக்கணும்னு ஆசைப்பட்டாரு."

"ஃபைல் கிடக்கு!" என்றான். பெட்டியைப் பார்த்தான். மூலையில் இருந்தபோது அவனுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இருந்ததில்லை. இப்போது அதன்மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. "லொரேன், விளையாடாத. அதை உள்ள வை."

அவள் வைக்கவில்லை.

கீலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த மாதிரி வீட்டுச் சண்டையில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவள் தொழில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். கையிலிருந்த படிவத்தைப் பிரித்து, பேனாவை எடுத்து, தொழில் பேச்சே பேசினாள்.

"காம்பி தப்பில்லம்மா. படிவைத் தடுக்கற ஃபில்டர் ஒண்ணு முன்னால போட்டுத் தந்துடுவேன். ஆனா அம்மா சொன்னது கரெக்ட் சார், தண்ணி எவ்வளவு அதிகமா ஓடுதோ அவ்வளவு சீக்கிரம் அடைக்கும். புழக்கம் கம்மியா இருந்தா ரொம்ப நாள் உழைக்கும். அதனால இதை நான் கேட்டு எழுதிக்கணும். வீட்டுல எத்தனை பேரு?"

"ரெண்டு," என்றான் மால்கம்.

"ஒண்ணு," என்றாள் லொரேன்.

மால்கம் படிவத்தை எட்டிப் பார்த்தான். கீலி அவனைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. கட்டத்தில் ஒன்று என்று எழுதினாள். படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

"நான் லூட்டன் ரயில் ஸ்டேஷன் வழியாத்தான்மா போறேன்," என்றாள். "வேன்ல இடம் இருக்கு."